மடியில் விட்ட ஓணான்

"வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வீண் வம்பை விலைக்கு வாங்குபவர்களைப் பார்த்துச் சொல்வது அது. நான் அதை உண்மையாகவே செய்தேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடி ஊரடங்கு போட்டபோது நான் தரம் எட்டில் இருந்தேன். எங்கள் வீடு நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையில் இருக்கிறது. முன்பக்கம் வாப்பாவின் பலசரக்குக் கடை, பின்பக்கம் ஒரு வேலி, வேலியைத் தாண்டினால் தேயிலை மலை. அந்த வேலியில்தான் அது இருந்தது. பச்சை உடல், கன்னத்தில் மை தடவியதுபோல் கறுப்பு. கடைக்கு வரும் சிங்களவர்கள் அதைக் 'களு கொபுல் கட்டுஸ்ஸா' என்பார்கள். கறுப்புக் கன்ன ஓணான் என்று அர்த்தம்.

ஒருநாள் காலை, பனி விலகுமுன்னே அதை ஒரு துவாயால் மூடிப் பிடித்துவிட்டேன். பழைய மீன் தொட்டியொன்றில் மண்ணும் ஒரு கிளையும் வைத்து, மேலே நுளம்பு வலையைக் கட்டினேன். "என்னத்துக்கு மகள் இந்த வேல?" என்று உம்மா கேட்டதற்கு, "பழக்கப் போறேன்" என்றேன். கையில் ஓணான் உட்கார்ந்திருக்கும் படத்தை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

வெயில் ஏறியதும் அதன் குணம் தெரிந்தது. தொட்டிக்குள் கையை நீட்டினால் வாயை அகலத் திறக்கும். தொண்டையை உப்பிக்கொள்ளும். உடலைத் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டும். பச்சை நிறம் மங்கிக் கறுத்துவிடும். மீறித் தொட்டால் கடிக்கப் பாயும். தம்பி அதற்குக் 'கோபக்காரன்' என்று பெயர் வைத்தான்.

வாப்பாவின் கைத்தொலைபேசியில் யூடியூப்பைத் தேடினேன். அவுஸ்திரேலியாவின் தாடி ஓணான்களை வளர்ப்பவர்கள் அழகாகச் செய்து காட்டினார்கள். மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. பருந்தும் காகமும் மேலிருந்துதான் வருகின்றன என்பதால் அது பயந்துவிடும். பக்கவாட்டிலிருந்து, அதன் கண்ணுக்குத் தெரியும்படி, மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். முதல் சில நாட்கள் தொடாமல் கையைச் சும்மா தொட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். அது வாயைத் திறந்ததும் கையை வெடுக்கென்று இழுத்தால், மிரட்டினால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். தூக்கும்போது நெஞ்சுக்கு அடியில் கையைக் கொடுத்து நான்கு காலையும் தாங்க வேண்டும். வாலைப் பிடிக்கவே கூடாது.

நானும் அப்படியே செய்தேன். காலையும் மாலையும் பத்து நிமிடம் கையை உள்ளே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். வெட்டுக்கிளி பிடித்துப் போட்டேன். அது தின்னவில்லை. வெட்டுக்கிளிகள்தான் தொட்டிக்குள் துள்ளிக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள் விடிய எழும்பி, குளிரில் நடுங்கிக்கொண்டே வலையை அவிழ்த்துக் கையைக் கொடுத்தேன். அது வாயைத் திறக்கவில்லை. தூக்கினேன். கண்ணைப் பாதி மூடி, உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். தம்பியை எழுப்பிப் படம் எடுக்கச் சொன்னேன். குழுவில் போட்டதும் தோழிகள் வியந்து எழுதினார்கள். 'எப்படிப் பழக்கினாய்?' என்று கேட்டவளுக்குப் பொறுமை வேண்டும் என்று பெரிய மனுஷி போல் பதில் அனுப்பினேன்.

அன்று நண்பகல், நல்ல வெயிலில், உம்மாவுக்குக் காட்டுவதற்காக மறுபடி தூக்கினேன். சுட்டுவிரலைக் கவ்விய ஓணான் விடவே இல்லை. நான் கத்திய சத்தத்தில் கடையிலிருந்த வாப்பா ஓடி வந்தார். ஓணானுக்கு விஷமில்லை. உம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவி டெட்டோல் தடவிவிட்டார். வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. காலையில் அவ்வளவு சாந்தமாக இருந்தது ஏன் இப்படிச் செய்தது?

விடையைச் சொன்னவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெரியம்மா. கடைக்குச் சாமான் வாங்க வந்தவர் என் விரலைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. "பாப்பா, காலையில அது சாந்தமா இருக்கல. வெறச்சுப் போயி கெடந்திருக்கு. நாங்களும் விடிய மலைக்குப் போறப்ப அப்படித்தான். வெரல் மடங்காது. வெயில் வந்தாத்தான் கை ஓடும். அதுக்காக எங்களுக்குக் கோபமே வராதுன்னு சொல்லலாமா?" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். ஓணானின் உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, வெயிலில் காய்ந்துதான் பெற வேண்டும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்து, புள்ளியும் வாங்கியிருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே, விடியற்காலைக் குளிரில், வெயிலே படாத கண்ணாடித் தொட்டிக்குள் அதை வைத்துவிட்டு, அது என்னை நம்பிவிட்டது என்று நினைத்திருக்கிறேன்! அதைப் பிடிக்க முடிந்ததுகூட அந்தக் குளிரால்தான். அது எதிர்க்காததால் அதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் முடியவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலை முதன்முறையாகத் தொட்டியை நிதானமாகப் பார்த்தேன். கண்ணாடி என்பது அதற்குத் தெரியாது. வெளிச்சம் தெரிந்த பக்கமெல்லாம் முட்டி முட்டி மூக்கு நுனி தேய்ந்து, இரத்தம் காய்ந்து கிடந்தது. வயிறு ஒட்டியிருந்தது. கோபக்காரன் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த அந்த உயிரிடம் இருந்தது கோபமல்ல, பயம். அந்தக் காணொளிகளில் வரும் தாடி ஓணான்கள் பல தலைமுறைகளாகக் கூட்டிலேயே பொரித்து, மனிதர் கையைப் பார்த்தே வளர்ந்தவை. இதுவோ வேலியில் பிறந்து வளர்ந்தது. ஒரே முறை இரண்டுக்கும் பொருந்தும் என்று நினைத்தது என் அறியாமை.

மறுநாள் வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்தேன். குளிரில் விட்டால் அதனால் ஓட முடியாது, காகம் கொத்திவிடும். பத்து மணியளவில் தொட்டியை வேலியடிக்குக் கொண்டுபோய்ச் சரித்து வைத்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரே ஓட்டம். தம்பி அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. குழுவில் போட்டிருந்த படத்தை அழித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னர் வாசித்தபோதுதான் தெரிந்தது. 1860இல் ஜெர்மானிய விலங்கியலாளர் பீட்டர்ஸ் உலகுக்கு விவரித்த இந்த இனம் இலங்கை மலைநாட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இத்தகைய உயிரினங்களைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடை செய்கின்றன. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்காக நம் ஓணான்கள் கடத்தப்படுவதால், 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு இந்த இனத்தை முதலாம் பின்னிணைப்பில் சேர்த்தது. பன்னாட்டு வணிகத்துக்கு அதன்மூலம் தடை வந்தது. எங்கள் வீட்டு வேலியில் இருந்ததற்கு ஜெனீவாவில் பேச ஆள் இருந்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. ஊரடங்கு நீண்டுகொண்டே போனதால், தினமும் வெயில் வந்ததும் பின்கட்டுப் படியில் புத்தகத்தோடு உட்காருவேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வேலியில் ஓர் ஓணான் வந்து காய்ந்தது. மூக்கு நுனியில் தழும்பு. நான் எழுந்தவுடன் மறைந்துவிட்டது. அடுத்த நாள் எழாமல் இருந்தேன். முதலில் பதினைந்து அடி தூரத்தில் இருந்தாலே ஓடிய அது, நாள் போகப் போக பத்தடி, எட்டடி என்று விட்டுக்கொடுத்தது. பாடசாலை மீண்டும் திறந்த கிழமையில் ஐந்தடி தூரத்தில் நான் படித்துக்கொண்டிருக்க, அது தன்பாட்டில் ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றது. தொட்டிக்குள் நான் போட்ட வெட்டுக்கிளியில் ஒன்றைக்கூடத் தொடாத அதே ஓணான்!

பழக்குவது என்றால் என்ன என்று அன்றுதான் விளங்கியது. அது விரும்பினால் ஓடிப்போக வழி இருந்தது. இருந்தும் ஓடவில்லை.

தோழியரே, இப்போது விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாலும் அந்தப் படியில் உட்காருகிறேன். வேலியில் இன்னும் ஓணான்கள் வருகின்றன. அந்தத் தழும்புக்காரன் இருக்கிறானா தெரியவில்லை. நான் கைகளை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.