நாற்றம்

'நாற்றம்' என்னும் சொல்லை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் மாணவர்கள் முகஞ்சுளிப்பர். பண்டைத் தமிழில் அச்சொல் நறுமணத்தையும் குறித்ததென்றும், காலப்போக்கில் பொருள் இழிந்து தீய மணத்திற்கே உரியதாயிற்றென்றும் விளக்குவேன். முப்பதாண்டுகளாக நான் நடத்திவரும் பாடம் அது. எனினும், ஒரு நாற்றம் உயிரைக் காக்கவும் கூடும் என்பதை நான் கற்றது வகுப்பறையில் அன்று. கேலாங்கில், என் தாயாரின் அடுப்படியில்.

கேலாங்கில் பிறந்து வளர்ந்த என் வயதினர்க்குக் காலாங் எரிவாயு ஆலை நினைவிருக்கும். தெருவிளக்குகளுக்காக நிலக்கரியைச் சுட்டு வாயு எடுக்க 1862ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வாலை 1998இல் மூடப்பட்டது. அதன் பெரிய இரும்புத் தொட்டிகள் வாயு நிறைய நிறைய உயர்வதையும், குறையக் குறையத் தாழ்வதையும் சிறுவர்களாகிய நாங்கள் வேடிக்கை பார்த்ததுண்டு. எங்கள் வீட்டிற்கோ அந்தக் குழாய்வாயு வரவில்லை. முதலில் மண்ணெண்ணெய் அடுப்பு. பிறகு கேஸ் தோம்பு. அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்த பின்னரும் அம்மா தோம்பை விடவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவைக் காணச் சென்றேன். கதவு திறந்ததும் அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் மூக்கில் அடித்தது. அம்மா இயல்பாகச் சிரித்தபடி, "வாப்பா, இப்பத்தான் தேத்தண்ணி போடலாம்னு போனேன்" என்றார். கையில் லைட்டர் இருந்தது.

அதைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். அடுப்படி இருண்டிருந்தது. பழக்கத்தால் என் கை விளக்கின் சுவிட்சுக்குப் போயிற்று. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும், கசிந்த வாயு பற்றிக்கொள்ள. அந்த வாரந்தான் தீப்பாதுகாப்பைப் பற்றிப் பள்ளியில் ஒரு மணிநேரம் பேசியிருந்தேன்! விரலை எது தடுத்ததென்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோம்பின் வாயை மூடினேன். வாசற்கதவையும் சன்னல்களையும் விரியத் திறந்தேன். அம்மாவைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்தேன். தோம்பில் அடைபட்டிருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். சன்னலைத் திறந்தால் மட்டும் போய்விடா. நெடுநேரம் காத்திருந்து, நாற்றம் முற்றும் அகன்ற பின்பே உள்ளே சென்றோம்.

பிறகு நான் செய்ததை நினைக்க வெட்கமாயிருக்கிறது. அம்மாவைக் கடிந்துகொண்டேன். "இவ்வளவு நாற்றத்தில் எப்படி அம்மா நின்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மெல்ல, "எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா" என்றார்.

சில மாதங்களாகவே அம்மா வைக்கும் இரசத்தில் பெருங்காயம் மிகுந்திருந்தது. குடும்பத்தார் எல்லாரும் கேலி செய்தோம், நானுந்தான். முதுமையில் கண்ணும் காதும் தளர்வதை உடனே கண்டுகொள்கிறோம். மூக்குத் தளர்வதை யார் பார்க்கிறார்கள்? 'மாணாக்கரை உற்றுநோக்குங்கள்' என்று பயிற்சி ஆசிரியர்களுக்குப் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவ்வாயுவுக்கு இயற்கையில் மணமே இல்லை என்பது நம்மில் பலர் அறியாதது. மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். இதன் பின்னே ஒரு பள்ளிக்கூடத்தின் துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் கசிந்து நிறைந்திருந்த இயற்கை வாயு வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாய் முந்நூறு பேரளவில் மாண்டனர். மணமில்லாமையால் எவருக்கும் அது தெரியவில்லை. அதன் பின்னரே வாயுவுக்கு நாற்றமூட்ட வேண்டுமென அம்மாநிலம் விதி செய்தது. பிற இடங்களிலும் அவ்வழக்கம் பரவியது. அத்தனை பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்து உலகம் பெற்ற எச்சரிக்கை, என் தாயாரின் மூக்கருகே வந்து வீணாய்ப் போயிற்று.

மறுநாள் உடன்பிறந்தோர் கூடினோம். அடுப்பையே எடுத்துவிட்டு மின்னடுப்பு வைக்கலாம் என்றாள் தங்கை. அண்ணன், அம்மாவைத் தம் வீட்டிற்கே அழைத்துப்போவதாகச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுப்ப எடுத்துட்டா, எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை?" என்றார். அதற்கு எங்களிடம் விடையில்லை.

உரிமம் பெற்ற தொழிலாளர் ஒருவரை அழைத்தோம். அவர் சவர்க்கார நீரைக் குழாய் நெடுகிலும் தடவினார். ரெகுலேட்டரை ஒட்டிய இடத்தில் குமிழிகள் பொங்கின; இரப்பர் வெடித்திருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை குழாயையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும் என்றார். எங்கள் குழாயின் வயது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை! அடைந்த அலமாரிக்குள் இருந்த தோம்பையும் காற்றோட்டமான இடத்திற்கு மாற்றினார். நீலமாக எரிய வேண்டிய தழல் மஞ்சளாக எரிந்தது. எரிமுனையின் துளைகளில் படிந்திருந்த அழுக்கை நீக்கிக் கொடுத்தார்.

மஞ்சள் தழலைக் குறித்துத் தங்கை மகள் தொலைபேசியில் வேறொன்றும் சொன்னாள். அவள் இருப்பது கனடாவின் டொராண்டோவில். அங்கே குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்க வாயு உலை உண்டு. வாயு சரிவர எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நாற்றமே கிடையாது, எவ்வளவு கூரிய மூக்கும் அதை அறியாது. ஆதலால் குளிர் தொடங்குமுன் உலையைச் சோதிப்பார்களாம். அத்தகைய வீடுகளில் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டுமென்பது சட்டமாம். தோம்பு வாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவியும் இருக்கிறதென்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குழாய்வாயு இலேசானது, மேலே எழும். அதற்குக் கருவியைக் கூரையருகே பொருத்த வேண்டும். தோம்பு வாயுவுக்கோ தரையருகே. அப்படியே பொருத்தினோம். அம்மாவின் காது இன்னும் கூர்மையாகவே இருக்கிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று தவறாமல் கேலாங்குக்குப் போகிறேன். நான் போவதற்குள் அம்மா கிண்ணத்தில் சவர்க்கார நீரைக் கரைத்து வைத்திருப்பார். தடவுவதும் அவர்தாம், நான் கைவிளக்குப் பிடிப்பதோடு சரி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குழாயின் ஒவ்வொரு விரற்கடையையும் பார்ப்பார். சென்ற மாதம் பார்த்து முடித்து நிமிர்ந்தவர், "குமிழி ஒண்ணும் வரலை. தேத்தண்ணி போடட்டுமா?" என்றார்.