மூன்றரை டிகிரி

அண்ணாநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. காலை ஏழரை மணி. கைக்கு ஒன்றாக இரண்டு 20 லிட்டர் கேன்களைத் தூக்கிக்கொண்டு அவர் லிஃப்ட் பக்கம் திரும்பியபோது வாசல் காவலாளி மறித்தார். "தண்ணி கேன்லாம் படிக்கட்டு வழியா போங்கப்பா." அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது மாடி. ஒரு கேனையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். "விடுங்க அண்ணாச்சி, ரெண்டு கையிலயும் பாரம் இருந்தாத்தான் நடை ஒழுங்கா வரும்" என்றார். கேனில் இருந்தது குடிதண்ணீர் இல்லை. முந்தின இரவு தன் வீட்டு மாடியில் கலக்கி, விடியும்வரை மோட்டாரில் சுழலவிட்டு அவர் கொண்டுவந்த கடல்.

வீடுகளில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி அமைத்துக் கொடுப்பதும் வாரந்தோறும் போய்ப் பராமரிப்பதும் அவர் தொழில். ஊர், தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டுப் பக்கம். இப்போது குடியிருப்பது கொளத்தூரில், வண்ணமீன் கடைகளுக்கு நடுவே. கொளத்தூர் என்றால் நன்னீர் மீன்தான். கடல்மீன் தொட்டியில் கை வைக்கிறவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். அவரோடு நான்கு நாள் சுற்றினேன். பிறகு அவர் ஊருக்கும் போனேன். அழகான தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தவன், இரண்டாம் நாளுக்குள் மீனை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த வீட்டுத் தொட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே சுமார் 400 லிட்டர். பாறை, கண்ணாடி, மரப்பெட்டி எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். அதனால் தூணையும் உத்தரத்தையும் பார்த்துச் சுவரோரமாக வைத்திருந்தார். கீழே மரக்கதவைத் திறந்தால் இன்னொரு சின்னத் தொட்டி. அதற்கும் பெயர் சம்ப். நம் வீட்டு வாசலில் லாரித் தண்ணீரை வாங்கி வைக்கும் சம்ப்பும் இதுவும் ஒரே சொல் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மேலே இருந்து வழியும் தண்ணீர் இங்கே வந்து, வடிகட்டி, நுரைத்து, குளிர்ந்து மறுபடி மேலே ஏறுகிறது. நுரைப்பதற்கு ஒரு குழாய் இருக்கிறது, ஸ்கிம்மர் என்பார்கள். பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை உப்புத்தண்ணீருக்குள் அடித்தால், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உள்ள பசையான பொருள்கள் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலேறும். மோர் கடையும்போது வெண்ணெய் திரண்டு வருவதுபோல நுரை திரண்டு ஒரு கிண்ணத்தில் வடிகிறது. அவர் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். முதல் டிக்காஷன் நிறம். நாற்றம் தாங்கவில்லை. "இது இவ்வளவு கறுப்பா வந்தா நல்லது. தெளிவா வந்தாத்தான் யோசிக்கணும்" என்றார்.

அவர் முதலில் செய்தது மீன்களைப் பார்ப்பதல்ல. சம்ப்பின் ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். சென்னை வெயிலில், விசிறிக் காற்றில், இந்த அளவுத் தொட்டியில் தினம் நாலைந்து லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கேயும் போகாது. 400 லிட்டரில் 40 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 39 ஆகிவிடும். அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். புதிதாகத் தொட்டி வாங்கியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கடல்தொட்டிதானே என்று உப்புத்தண்ணீரையே ஊற்றுகிறார்கள். "உப்பளத்துல பொறந்தவனுக்கு இத யாரும் சொல்லித்தர வேண்டாம் பாத்துக்கிடுங்க. தண்ணி போவும், உப்பு நிக்கும். எங்க குடும்பம் சாப்பிட்டதே அதுலதான்."

ஒரு சொட்டு நீரைக் கண்ணாடிப் பட்டகத்தில் விட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நின்றது. என்னையும் பார்க்கச் சொன்னார்.

"கல்லுப்பு போட்டாப் போதாதா?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்களாம். நானும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் அரை மணி நேரம் நீண்டது. கேட்கக் கேட்க, நாற்பது வருடமாகச் சாப்பிட்டுவந்த உப்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது. கடல்நீர் ஒரு லிட்டரில் உள்ள 35 கிராமில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 30 கிராம். மீதி ஐந்து கிராமில்தான் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட், பைகார்பனேட் எல்லாம். உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது இவை ஒரே நேரத்தில் படிவதில்லை. சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்பாத்திகளிலேயே தங்கிவிடும். நீர் 25 டிகிரி அடர்த்திக்கு வந்ததும் உப்பு பூக்கும். 30 டிகிரியை நெருங்கும் முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் உப்பில் கசப்பேறும். அந்தக் கசப்பு நீரில்தான் மக்னீசியம் இருக்கிறது. ஆக, நம் கைக்கு வரும் கல்லுப்பு, கடலிலிருந்து பலவற்றைக் கழித்த மிச்சம். அதைக் கரைத்தால் உப்புத்தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. சிப்பிக்கு ஓடு கட்டக் கால்சியம் இருக்காது. கால்சியமும் காரத்தன்மையும் தண்ணீரிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து படிந்துவிடாமல் பிடித்துவைக்க மக்னீசியம் இருக்காது.

"எங்கப்பா கடல்லேருந்து உப்பப் பிரிச்சாவ. நான் உப்புலேருந்து கடலச் சேக்கேன்" என்றார். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சேர்ப்பதற்கென்று கடையில் தயார் உப்புக் கலவை விற்கிறது. அதைக் கரைக்கும் தண்ணீரில்தான் அவர் கவனமெல்லாம். மெட்ரோ தண்ணீரில் குளோரின். போர்த் தண்ணீரில் என்ன இல்லை என்றுதான் கேட்க வேண்டும். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் பிடித்தாலும் டிடிஎஸ் மீட்டர் ஐம்பது, நூறு என்று காட்டும். அதற்குமேல் ரெசின் நிரம்பிய ஒரு குழாயில் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் உப்பைப் போடுவார். ஒன்றுமே இல்லாத தண்ணீரில் தொடங்கினால்தான் என்ன சேர்த்தோம் என்று கணக்கு இருக்கும் என்பது அவர் கட்சி.

முன்பு பராமரித்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். தினமும் குறைந்த தண்ணீரை ஊற்றும் பொறுப்பை அந்த வீட்டுப் பாட்டி ஏற்றிருந்தார். ஆர்ஓ தண்ணீர் தயாராக இருந்தது. ஆனால் பாட்டி அதை ராத்திரி செப்புக் குடத்தில் ஊற்றிவைத்து, காலையில் எடுத்துத் தொட்டியில் விட்டிருக்கிறார். நமக்கு நல்லதென்றால் அந்த ஜீவன்களுக்கும் நல்லதுதானே என்று. இரண்டு மாதத்தில் இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, பிறகு நத்தைகள். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாச் சோதனையும் சரியாகவே வந்தது, செம்பை யாரும் சோதிக்கவில்லை. ஒரு நாள் குடத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. செம்பு மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்துதான் கொடுப்பார்கள், ஆனால் தனித் தொட்டியில் வைத்து. பாட்டியிடம் அவர் காரணத்தைச் சொல்லவில்லை. "இனிமே குழாய்லேருந்து தானா விழுற மாதிரி வச்சிருக்கேன் ஆச்சி, நீங்க குனிய வேண்டாம்" என்று ஒரு மிதவை வால்வு பொருத்திவிட்டு வந்தார்.

தொட்டி வைத்த முதல் ஒன்றரை மாதம்தான் அவருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சிரமமான காலம். தண்ணீர் ஓடும், விளக்கு எரியும், உள்ளே ஒரு மீன் இருக்காது. ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விடுவார். அதிலிருந்து அம்மோனியா வரும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பாறையின் நுண்துளைகளில் குடியேறி அதை நைட்ரைட் ஆக்கும். அதைத் தின்னும் வேறு பாக்டீரியா நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அவ்வளவு இல்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாரம் ஒரு முறை சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். புது மண்சட்டி வாங்கினால் கஞ்சித்தண்ணி ஊற்றி ஊறவைத்து எடுத்து, அதன் பிறகுதானே குழம்பு வைக்கிறோம்? "தொட்டியும் பழகணும்" என்பார். கேட்காமல் மூன்றாம் நாளே மீன் வாங்கிவந்து விட்டவர்கள் உண்டு. அந்த மீன்களை அவரே அள்ளி எடுத்திருக்கிறார்.

பாறையே தண்ணீரைத் துப்புரவு செய்யும் என்பதை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர்களில் முந்தியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, பவளம், காற்றுக் குமிழி, நல்ல வெளிச்சம். அவ்வளவுதான் அவர் முறை. இன்றைய பவளத் தொட்டிகள் எல்லாவற்றிலும் அதன் சாயல் உண்டு.

நம் நாட்டில் அந்த வழி கிடையாது. கல் பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. அண்ணாநகர் வீட்டுப் பையன் வெளிநாட்டுத் தொட்டி ஒன்றின் காணொளியைக் காட்டி, "அங்கிள், இந்த மாதிரி கோரல் வேணும்" என்று கேட்டபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் சொன்னார். கள்ளத்தனமாகக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். வாங்கமாட்டார். இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

பாறையை அவரே செய்கிறார். கொளத்தூர் மாடியில் அதைப் பார்த்தேன். சிமெண்ட், நொறுக்கிய சிப்பி ஓடு, அதோடு கை நிறையக் கல்லுப்பு. பிசைந்து, ஈரமணல் குழியில் வார்த்து, குகையும் விரிசலுமாக வடிவம் கொடுக்கிறார். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். பாக்டீரியாவுக்கு வீடு. சிமெண்டின் காரம் இறங்கும்வரை வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். தொட்டிக்கு உதவாத கல்லுப்புக்கு இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. அண்ணாநகர் தொட்டியின் பாறைகளில் ஊதாவும் ரோஜாநிறமுமாகத் திட்டுத் திட்டாய் ஒரு பூச்சு ஏறியிருந்தது. நத்தை ஓட்டில் ஒட்டிவந்த சுண்ணப்பாசி. கால்சியமும் காரத்தன்மையும் சரியாக இருந்தால்தான் படரும். பவளம் இல்லாத அந்தத் தொட்டியில் அவருக்கு அதுதான் பரீட்சை முடிவு. நகக்கண் அளவுத் திட்டு ஒன்றைக் காட்டி, "போன மாசம் இது இல்ல" என்றார்.

மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாறைக் குகை வாசலில் ஒரு நீமோ ஜோடி. பொரிப்பகத்தில் பிறந்தவை, அதனால் கடலில் பிடித்த மீனைப்போலத் தீனியை மறுப்பதில்லை. பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறும். பானை ஓட்டில் முட்டையிட்டிருந்தது. ஆண் ஓயாமல் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில், இரவில் பொரியும். குஞ்சுகள் இந்தத் தொட்டியில் பிழைக்காது. கண்ணுக்கு எட்டாத நுண்ணுயிர்த் தீனி வேளாவேளைக்கு வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த இரவைப் பற்றி அவர் சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மா சொன்னார். மின்சாரம் போய், சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உப்புத்தண்ணீர், நல்ல தண்ணீரைவிடக் குறைவாகவே ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். பம்பு நின்றால் தாமதிக்க முடியாது. இவர் கொளத்தூரிலிருந்து முட்டியளவு வெள்ளத்தில் நடந்தே வந்திருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் ஜக்கால் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினார். மொண்டு, ஊற்றி, மொண்டு, ஊற்றி. வீட்டில் உள்ளவர்கள் முறைவைத்துக் கொண்டார்கள். விடியும்வரை நடந்தது. நீல டாம்செல் ஒன்று போனது, மற்றவை பிழைத்தன. "அவர் கையைப் பாத்திருக்கீங்களா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். பார்த்திருந்தேன். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

அதே வெடிப்பை முள்ளக்காட்டில் அவர் அப்பாவின் காலில் பார்த்தேன்.

அம்மன் கோயில் கொடைக்காக அவர் ஊருக்குப் போனபோது கூடப் போயிருந்தேன். கோடை, உப்பு வாரும் காலம். வெயிலுக்கு முன்னே முடித்துவிட இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. வெளுக்கும்போது பாத்திகளில் வானம் கிடந்தது. வரப்பு நெடுகப் பெண்கள் உப்பைச் சுமந்து போய்க் குவித்தார்கள். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வேலைக்குப் போவதில்லை, ஆனாலும் பாத்தி ஓரம் வந்து நிற்காமல் இருக்க முடியவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படும் முன்பிருந்தே பவளக்கல்லை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கு எரித்ததைப் பார்த்தவர். தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் சிமெண்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வருவதைச் சொன்னேன். "எடுத்தத நடுதாவளா? நடட்டும்" என்றார்.

மகன் பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தார். அண்ணாநகர் தொட்டித் தண்ணீர். அப்பா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம், நீ என்னதான்ல தண்ணி செய்யுத என்று. பெரியவர் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழலை வாங்கி, தண்ணீரை ஒரு நீளக் குவளையில் ஊற்றி, குழலை மெல்ல இறக்கி, அசைவு நிற்கும்வரை காத்திருந்தார்.

"மூணர."

மகன் ஒன்றும் பேசவில்லை. பெரியவர் குழலை எடுத்து உதறிவிட்டு, சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசப்பும் இருக்குல" என்றார்.