ஒன்பது அங்குலம்

ஓரகடத்தை ஒட்டிய காலனி ஒன்றில் எனக்குத் தெரிந்த தம்பி வீட்டிலேயே கத்தி செய்கிறார். வயது 26. உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கிரைண்டிங் மெஷினில் நிற்பவரை அங்கே 'ஹெல்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிக் கடைக்காரரும் பிரியாணி மாஸ்டரும் அவரைத் தேடி வந்து, கையை விரித்துக் காட்டிப் பிடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இரும்பு, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கூர் நிற்பதற்கு அது போதும். ஆங்கிள் கிரைண்டரில் வெட்டி, அரத்தில் ராவி வடிவம் வந்ததும் செங்கல் அடுப்பில் அடுப்புக்கரி போட்டு, புளோயரால் ஊதிப் பழுக்க வைக்கிறார். பக்கத்தில் ஒரு காந்தம் தொங்கும். அதில் கத்தி ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, சுட வைத்த எண்ணெயில் ஒரே முக்கு. இதுதான் தோய்ச்சல். இப்போது அரம் வைத்துத் தேய்த்தால் வழுக்கும். அப்படியே விட்டால் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மின்சார ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். வைக்கோல் நிறம் ஏறினால் சரி. பிறகு கருவேலம் பிடி, பித்தளை ஆணி. பிறந்தநாள் கேக் வெட்ட "பெருசா ஒண்ணு" கேட்டு வரும் பையன்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஒரு நாள் கறிக்கடைக் கத்தியை எடுத்துப் போகும்போது ரோந்துப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. "எந்த ஊர்?" என்றதற்கு அடுத்த கேள்வி, "ஊரா, காலனியா?" கத்தி எதற்கு என்பது மூன்றாவதாகத்தான் வந்தது, அண்ணா என்றார்.

ஆயுத விதிகளின்படி 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. எதற்காகச் செய்தது என்பதை ரோட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. உழைக்கும் சாதிகளிடமிருந்து கல்வியோடு ஆயுதமும் பறிக்கப்பட்டதை அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். இங்கே கருவிக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, வாங்குபவர் பெயர், முகவரி, காரணத்தைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளிடம் சொன்னது. தம்பியும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அந்த நோட்டை யாரும் கேட்டதில்லை.

கடன் வாங்கலாமா என்று பார்த்தோம். 2023இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்ப வழித் தொழிலை நம்பி நிற்பது. இவர் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். அந்த நிபந்தனையை மறுத்துத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் பக்கத்துக் குன்றத்தூரில்தான் தொடங்கினார்கள். 3 லட்சம் வரை கடன். சாதி, குடும்பத் தொழில் கேள்வி இல்லை. ஆனால் 35 வயதாகியிருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குத் தள்ளக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு. 1953இன் குலக்கல்வியை மறக்காதவர்களுக்கு அது புரியும். எனக்கும் உடன்பாடுதான். ஆனாலும் குலத்தில் இல்லாத தொழிலைத் தானே கற்றுக்கொண்ட ஒருவர் அந்த வரம்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறாரே. இப்படிப்பட்டவர்களுக்கு வரம்பைத் தளர்த்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை உத்யம் பதிவு போடப் போகிறோம். கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். தொழில் என்ற இடத்தில் 'சமையல், கறிக்கடைக் கத்தி தயாரிப்பு' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். சான்றிதழை லேமினேட் செய்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொள்வாராம்.