பீரோ சாவியும் நானும்

இந்த மாதச் சுவர் இதழுக்கு நூலகம் பற்றி எழுதச் சொல்லி தமிழ் அய்யா சொன்னார். நூலகத்தின் நன்மைகள் என்று எழுதினால் கட்டுரைப் போட்டிக்கு எழுதின மாதிரி ஆகிவிடும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நம் பள்ளி முதலில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. போர்டில் பெயர் மாறினாலும் ஊரில் எல்லாருக்கும் இது இன்னும் யூனியன் ஸ்கூல்தான். தலைமையாசிரியர் அறையில் ஒரு பச்சை பீரோ இருக்குமே, 'நூலகம்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதினது. ஆறாம் வகுப்பிலிருந்து அதைப் பார்க்கிறேன். திறந்து பார்த்ததில்லை. ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பில் இருக்கிற ஆசிரியர்தான் பதில் சொல்லணுமாம். அந்தப் பயத்தில்தான் பூட்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜூலை மாதம் நாங்கள் நாலு பேர் போய்க் கேட்டோம். "பொறுப்பு யாரு ஏத்துக்குவீங்க?" என்றார் டீச்சர். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பீரோவைத் திறந்ததும் ஒரே பாச்சை உருண்டை வாசனை. எண்ணினதில் 312 புத்தகம். கொஞ்சம் செல்லரித்துப் போயிருந்தது. 2023-ல் வாசிப்பு இயக்கம் தொடங்கியபோது வந்த 'நுழை, நட, ஓடு, பற' சின்னப் புத்தகங்களும், தேன்சிட்டு பழைய இதழ்களும் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. அடுக்கி வைக்க ரேக் இல்லை. ஜன்னல் கம்பியிலிருந்து கதவு வரைக்கும் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி புத்தகத்தைத் தொங்கவிட்டோம். சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு, பெரியவர்களுக்கு மேலே ஒரு கயிறு.

மாலை வகுப்பு வந்த கதை வேறு. நடவு, களை நாட்களில் அம்மாக்கள் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். ஸ்கூல் விட்டதும் பொடிசுங்க எல்லாம் குளத்துக்கரையில்தான் திரியும். போன வருஷம் ஒரு பையன் வாய்க்காலில் விழுந்துவிட்டான். நல்லவேளை மாடு ஓட்டிக்கொண்டு போனவர் பார்த்துத் தூக்கினார். நான் ஐந்தாவது படிக்கும்போது, கொரோனா முடிந்து இல்லம் தேடிக் கல்வி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தெரு அக்கா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அதே மாதிரி நாமே பள்ளியில் நடத்தினால் என்ன என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் டீச்சர் பேசினார். ஐந்தரை மணி வரைதான், பெரியவர் ஒருத்தர் கூட இருக்கணும் என்று சொல்லி விட்டார்கள். முதல் வாரம் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் ஓடிவிட்டார்கள். கதை பிடிக்கவில்லை போல என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, பசி. தமிழ் அய்யா பொட்டுக்கடலை வாங்கிக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு கைப்பிடி. அதற்கு அப்புறம் யாரும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று அய்யா ஒரு விஷயம் சொன்னார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனாராம். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை, எடுத்துப் படிக்கத்தான் என்பது முதல் விதியாம். அதே வருஷம் நம்ம மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்களாம். (பிள்ளைகள் முதலில் மாட்டைத்தான் பார்த்திருப்பார்கள்.) அந்த முதல் விதியைச் சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டினதே நான்தான்.

நவம்பரில் மழை பிடித்தது. 87-ஆம் எண் புத்தகம் வரவில்லை. எடுத்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை. கேட்டால் "நாளைக்குக் கொண்டாறேங்க்கா" என்பாள். எட்டு நாள் இப்படியே போனது. ஒன்பதாம் நாள் எல்லார் முன்னாலும், "தொலைச்சிட்டியா? காசு குடு. இல்லன்னா இந்தப் பக்கம் வராத" என்று கத்திவிட்டேன். ஒன்றும் பேசாமல் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து இரண்டு பேரும் மாலை வகுப்புக்கு வரவில்லை. தம்பி இரண்டாவது படிக்கிறான். போன வருஷம் வாய்க்காலில் விழுந்தவன் அவன்தான்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கூரை ஒரு பக்கம் ஒழுகி, கீழே குண்டான் வைத்திருந்தார்கள். அடுப்புக்கு மேலே கொடியில் 87-ஆம் எண் தொங்கிக்கொண்டிருந்தது. நம்ம வகுப்பில் தொங்குவது மாதிரியே. மழையில் நனைந்து உப்பி, ஓரமெல்லாம் புகை பிடித்திருந்தது. "காஞ்சதும் கொண்டாரலாம்னுதான்க்கா இருந்தேன்" என்றாள். அவள் அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, "எவ்வளவு பாப்பா கட்டணும்?" என்று கேட்டார்கள். "வேணாம் அத்தை" என்று சொன்னேனா, சொல்லாமலே வந்துவிட்டேனா, நினைவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் சாவியைக் கொடுத்தேன். டீச்சர் வாங்கவில்லை. நோட்டை எடுத்து 87-க்கு நேரே 'மழையில் நனைந்தது' என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டார். "இதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ அந்தப் புள்ளைய கூட்டிட்டு வா" என்றார். அதற்கு அப்புறம் நோட்டில் 'நிலை' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். கிழிந்தது, எண்ணெய் பட்டது, ஆடு தின்றது எல்லாம் அதில் எழுதலாம். ஒரே வாரத்தில் ஒளித்து வைத்திருந்த மூன்று புத்தகம் தானாக வந்துவிட்டது. ஒன்று அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து வந்ததாம்.

தம்பி உடனே வந்துவிட்டான், கடலைக்காகவும் இருக்கலாம். அவள் அரையாண்டுத் தேர்வு முடிந்துதான் வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள், ஆனால் இன்னும் என்னிடம் புத்தகம் கேட்பதில்லை, என் தோழியிடம்தான் கேட்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டு, அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

புத்தகம் வைத்திருப்பவர்கள் எப்படி இருந்தாலும் கொண்டு வாருங்கள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். 87-ஆம் எண் கீழ்க்கயிற்றில் இருக்கிறது. அதில் 14-ஆம் பக்கமும் 15-ஆம் பக்கமும் ஒட்டிக் கிடக்கிறது. கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள் மாலையில் வந்து சொல்லவும்.

– 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி