இருபது ரூபாத் தாள்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. வாப்பா மாதா மாதம் தவணைக் காசு கட்டி எடுத்த ஒற்றைக் கதவுப் பெட்டி. வெள்ளை நிறமாக இருந்தது, இப்போது பழைய பல்லின் நிறம். அதன் கதவின் உட்பக்கத்தைச் சுற்றி விரலளவு அகலத்தில் ஒரு ரப்பர் ஓடுகிறது. பிரிட்ஜ் உள்ள எல்லா வீடுகளிலும் அது இருக்கிறது, ஆனால் அதை நின்று பார்த்தவர்கள் குறைவு. திருத்துகிறவர்கள் அதைக் கேஸ்கட் என்பார்கள். சரியாகச் சொன்னால் அது ரப்பரும் இல்லை, மென்மையாக்கிய பீ.வீ.சி. பிளாஸ்டிக். நாங்கள் ரப்பர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்தப் பெட்டியின் நடுத்தட்டில், ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் உம்மும்மாவின் இன்சுலின் இருக்கும். உம்மும்மாவுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் ஊசி. திறக்காத இன்சுலின் போத்தலை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைக்க வேண்டும் என்று கிளினிக்கில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். சூடேறினால் அதன் வேலை குறையும். உறைந்தால் அதோடு சரி, மறுபடி உருகினாலும் பாவிக்கக் கூடாது.

2022 ஆம் ஆண்டை உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் இருக்கவில்லை. அடுத்த சில நாட்களில் நோன்பும் வந்தது. பெற்றோல் வரிசையில் வாப்பாவின் ஓட்டோ இரவு பகலாக நின்றது. அந்த நாட்களில்தான் எங்கள் பிரிட்ஜ் குளிர மறுத்தது. கரண்ட் வந்த பிறகும் தண்ணீர்ப் போத்தல் இளஞ்சூடாகவே இருக்கும். பின்னாலுள்ள மோட்டரோ ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஐஸ் அறையில் மட்டும் பனி விரற்கடை மொத்தத்துக்குக் கட்டியது. வாப்பா உள்ளேயிருந்த குமிழைக் கடைசி இலக்கம் வரைக்கும் திருப்பி வைத்தார். இரண்டாம் நாள் காலையில் டப்பாவை எடுத்தபோது, பின்பக்கத் தகட்டோடு ஒட்டிக் கிடந்த ஒரு போத்தல் கட்டியாக உறைந்திருந்தது. பாமசிகளில் மருந்து தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. உம்மும்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "போன சாமானப் பத்திப் பேசி என்ன புள்ள" என்றபடி குப்பையில் போடத் தந்தார்.

ஒருவர் வந்து பார்த்தார். பெட்டியின் பின்னால் கையை வைத்தார், கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். "கம்பிரசர் போகப் போகுது. இதுக்குச் செலவழிக்கிறது நட்டம், புதுசு ஒண்டு எடுங்க" என்றார். வந்து பார்த்ததற்கான காசை வாங்கிக்கொண்டு போனார். புதியது என்றால் அன்றைய விலையில் ஓர் இலட்சத்தைத் தாண்டும். அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் உம்மா தன் கைக்காப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்ததை நான் கண்டேன். அதில் இரண்டு சோடி முன்பே போய்விட்டது. மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ரப்பரில் முதலில் கண் வைத்தது உம்மாதான். காலையில் குசினி கூட்டும்போது கதவின் கீழ் மூலையில் மட்டும் தண்ணீர் துளிர்த்து நிற்பதைப் பல நாளாகக் கண்டிருக்கிறார். அந்த இடத்தில் ரப்பரின் மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சணமும் பிடித்திருந்தது. விரலால் அமர்த்தினால் மற்ற இடங்களில் மெத்தென்று அமிழ்ந்து எழும்பிய ரப்பர், அங்கே காய்ந்த தோல் போல விறைத்துக் கிடந்தது. வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சிரித்துவிட்டார். "எஞ்சின்ல கேஸ்கட் போனா எஞ்சினையா மாத்துற? இது எனக்குத் தெரிஞ்ச வேலதானே" என்றார். இருபது வருடமாக ஓட்டோ ஓட்டுகிறவருக்குக் குசினிக்குள்ளும் ஒரு கேஸ்கட் இருப்பது தோன்றாமல் போனது எனக்கு அதிசயமாக இல்லை. குசினிப் பொருட்கள் உம்மாக்களின் கண்ணுக்குத்தான் அதிகம் படுகின்றன.

ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் காசு போகாது. ஒன்று, ஒரு இருபது ரூபாத் தாளைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுப்பது. நல்ல ரப்பர் தாளை விடாது, இழுக்கும்போது ஓர் இறுக்கம் கைக்குத் தெரியும். ஒரு சாண் இடைவெளி விட்டுக் கதவின் நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். எங்கள் கதவில் மேலே தாள் இறுக்கமாக நின்றது, கைபிடிப் பக்கமும் நின்றது. பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையில் இழுக்கக்கூட இல்லை, தாள் தானாகவே கீழே விழுந்தது. இரண்டாவது வழிக்கு இருட்டு வேண்டும். அந்த நாட்களில் அதற்கு மட்டும் தட்டுப்பாடு இருக்கவில்லை. கரண்ட் போன நேரம் டோர்ச்சைக் கொளுத்திப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். அதே மூலையில் நூலளவு வெளிச்சம் கசிந்தது. பெரிய விரல் நீளத்துக்குத்தான் இருக்கும். அவ்வளவுக்குத்தான் ஒரு காப்புப் போக இருந்தது.

அந்தச் சின்ன இடைவெளி செய்கிற காரியம் சின்னதல்ல. எங்கள் ஊர் கிழக்குக் கடலோரம். காற்றில் எப்போதும் ஈரம். இடைவெளியால் வெப்பக் காற்று மட்டும் உள்ளே போவதில்லை, அதோடு நீராவியும் போகிறது. குளிர்ந்த தகட்டில் அது படிந்து உறைகிறது. பனிக்கட்டி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே தகட்டின் குளிர் பெட்டிக்குள் வருவதைப் பனியே மறித்துவிடுகிறது. மோட்டர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, கீழ்த்தட்டு குளிர்வதில்லை. நாம் குமிழைக் கூட்டுகிறோம். தகட்டோடு கிடப்பது உறைகிறது, கதவோரம் கிடப்பது பழுதாகிறது. கரண்ட் இல்லாத நேரம் நிலைமை இன்னும் மோசம். கதவைத் திறக்காமல் வைத்தால் நல்ல பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் அளவில் குளிரைத் தாங்கும் என்பார்கள். ரப்பர் விட்டுப்போன பெட்டியில் கதவைச் சாத்தி வைத்தும் பெரிய பிரயோசனமில்லை.

கதவு தானாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் ரப்பருக்குள் ஓடும் நாடா போன்ற ஒரு காந்தம். இரும்பு சேர்ந்த காந்தத் தூளைப் பிளாஸ்டிக்கோடு கலந்து செய்வது, பாம்பு போல வளையும். அந்தக் காலப் பிரிட்ஜ்களில் காந்தம் இருக்கவில்லை. வெளியே கொளுவும் தாழ்ப்பாள்தான். விளையாட்டுக்கு உள்ளே ஒளிந்த பிள்ளைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி மௌத்தான சம்பவங்கள் பல நடந்தன. அமெரிக்காவில் 1956 இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1958 ஒக்டோபர் இறுதிக்குப் பிறகு செய்யப்படும் வீட்டுப் பிரிட்ஜ்களின் கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். தாழ்ப்பாள் போய்க் காந்த ரப்பர் பரவலானது அப்படித்தான். இதை வாசித்த நாளிலிருந்து அந்த ரப்பரில் எனக்கு ஒரு மரியாதை.

திருத்தும் வேலையை ஒரு நீண்ட மின்வெட்டு நாளில் வைத்துக்கொண்டோம். இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ்கட்டி நேரே படாதபடி ஒரு வாய் அகன்ற தேர்மோஸுக்குள் வைத்தோம். உம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்தார். குளோரின் மருந்து போட்டால் பூஞ்சணம் சீக்கிரம் போகும், ஆனால் ரப்பரும் சீக்கிரம் விறைக்கும். மடிப்புக்குள்ளிருந்து வந்த அழுக்கில் எங்கள் குடும்ப வரலாறே இருந்தது: சர்பத் பிசுக்கு, வட்டிலப்பத்தின் கருப்பட்டி, எந்தப் பெருநாளுடையதோ தெரியாத ஒரு கசுக்கொட்டைத் துண்டு.

பிறகு விறைத்த மூலை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தில் வைத்து, ஆறினால் மறுபடி வைத்து, அரை மணித்தியாலம் இருந்தோம். பீ.வீ.சி. சூட்டில் இளகும். இளகியபோது வாப்பா ரப்பரின் உதட்டை வெளியே இழுத்து, மடிப்புக்குள் பஞ்சைத் திரித்து அடைத்து, ஆறும் வரை அப்படியே விட்டார். பஞ்சை எடுத்தபோது ரப்பர் பழைய வடிவத்துக்குக் கிட்ட வந்திருந்தது. பிணைச்சல் பக்கம் கதவு திறக்கும் போதெல்லாம் ரப்பர் உரசுவதால், அங்கே மட்டும் விரல் நுனியால் வாஸ்லின் தடவினோம், பளபளப்புத் தெரியும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. (குக்கர் மூடியின் ரப்பருக்கு இதைச் செய்துவிடாதீர்கள். இயற்கை ரப்பர் வாஸ்லின் பட்டால் ஊதிப் பழுதாகும்.) கடைசியாகப் பெட்டியின் முன்கால் இரண்டையும் கொஞ்சம் திருகி உயர்த்தினார் வாப்பா. பெட்டி மட்டுமட்டாகப் பின்னுக்குச் சாய்ந்திருந்தால் பாதி திறந்த கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொள்ளும்.

மூலையில் ஒரு வெடிப்பும் இருந்தது. அதற்கு வெந்நீர் மருந்தில்லை. சிலிக்கன் பசையை மெல்லிசாகப் பூசி, கதவோடு ஒட்டாமல் பொலித்தீன் துண்டு வைத்து, ஒரு நாள் காய விட்டோம். விநாகிரி மணம் குசினி முழுக்க. இருபது ரூபாத் தாளை மறுபடி வைத்துப் பார்த்தபோது மெல்லிய இறுக்கம் இருந்தது. குமிழை நடு இலக்கத்துக்கு இறக்கினோம். மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிய ஆய்வுகூட வெப்பமானியை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க நடுத்தட்டில் வைத்தோம். அன்றிரவு மின்வெட்டு குறைவு. காலையில் 6 பாகை. உம்மும்மாவுக்கு அதை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அந்த வெடிப்பு அதிக காலம் நிற்கவில்லை. எட்டு மாதத்தில் பசை கழன்றுவிட்டது. ஆனால் அந்த எட்டு மாதம் எங்களுக்குப் போதும், கைக்காப்பு கையில் நின்றது. வாப்பாவுக்கும் மறுபடி ஓட்டம் கிடைக்கத் தொடங்கியது. அதன் பிறகு புது ரப்பர் மாட்டினோம். பழையதை இழுத்துக் கழற்றலாம், அது ஒரு காடிக்குள் செருகித்தான் இருக்கும். சில பெட்டிகளில் உதட்டுக்கு அடியில் திருகாணியும் இருக்கும். காடியிலிருந்து காடி வரை அளந்துகொண்டு போனால் கடையில் நீள ரப்பரைச் சாய்வாக வெட்டி, மூலைகளைச் சூட்டில் ஒட்டித் தருவார்கள். மடித்துக் கட்டித் தந்ததால் வளைவுகள் விழுந்திருந்தன. வெந்நீர்ச் சட்டியில் கொஞ்ச நேரம் போட்டதும் நிமிர்ந்துகொண்டது.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் கூடியது. ரப்பர் மாற்றிய பிறகு எங்கள் பில்லில் அலகுகள் குறைந்தன, காசு குறையவில்லை. கூடாமல் நின்றதே பெரிது என்றார் உம்மா. இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த ரப்பரைத் துடைப்பது என் வேலை. பக்கத்து வீட்டு மாமி, தன் பிரிட்ஜ் கதவையும் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தாளை அவரே தந்தார், நூறு ரூபாத் தாள். "பெரிய தாள் எண்டா நல்லாப் பிடிக்குமே புள்ள" என்றார். அவருடைய கதவில் மேல் இரண்டு மூலையும் போயிருந்தது.

கழற்றிய பழைய ரப்பரைக் கீறி, உள்ளிருந்த காந்த நாடாவை வாப்பா துண்டு துண்டாக வெட்டித் தந்தார். ஒரு துண்டு உம்மாவின் தையல் பெட்டிக்குள் கிடக்கிறது, சிந்தும் குண்டூசிகளை அதுதான் பொறுக்குகிறது. இன்னொரு துண்டு பிரிட்ஜ் கதவில் உம்மும்மாவின் கிளினிக் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த திகதி இருபத்து மூன்றாந் திகதி, செவ்வாய்க்கிழமை.