அடுத்த பள்ளியின் வாசல்



மாற்கு சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பன்னிரு சீஷரையும் இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். அந்த அனுப்புதலைக் குறித்து நாம் அடிக்கடி தியானிக்கிறோம். அவர்கள் திரும்பி வந்ததையும் கவனியுங்கள். தாங்கள் போதித்ததைக் குறித்து அறிவிக்கும்படி அவரிடத்தில் கூடிவருகிறார்கள். 9-ஆம் அதிகாரத்திலோ, தங்களால் இயலாமற்போனது ஏன் என்று வீட்டில் அவரைத் தனித்துக் கேட்கிறார்கள். கற்பிக்கிறவருக்கும் கேட்பதற்கு ஓர் இடம் தேவை.

நம் சபையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பணியில் ஒரு தனிமை உண்டு. வகுப்பறையின் கதவு மூடியபின், பாடம் ஏன் பிள்ளைகளைச் சென்றடையவில்லை என்று கேட்க அருகில் ஒருவரும் இல்லை. ஈராசிரியர் பள்ளிகளில் இத்தனிமை இன்னும் கடினமானது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். தன் வகுப்பை மட்டும் காணும் ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு என்று எண்ணக்கூடும். மூன்று பள்ளிகளின் நோட்டுப் புத்தகங்களை ஒரே மேசையில் விரித்து வைத்தால் உண்மை விளங்கும். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதே 35-ஐயே எழுதியிருப்பார்கள். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அவர்கள் தாங்களாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டார்கள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டும் வழியை அங்கே ஒருவர் சொல்வார். மறுவாரம் அது மூன்று வகுப்பறைகளில் பயன்படும். அத்தகைய மேசை இல்லாவிடில், அந்தப் பிள்ளை செய்யாத குற்றத்திற்குத் திட்டு வாங்கும்.

இதற்காகவே நம் மாநிலத்தில் குறுவள மையங்கள் உள்ளன. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் அங்கே கூடுகிறார்கள். சுற்றறிக்கைகளை வாசிப்பதோடு அக்கூட்டம் முடிந்துவிட்டால் ஒரு சனிக்கிழமை வீணாகும். ஒருவர் தம் வகுப்பின் இடர்ப்பாட்டைத் துணிந்து எடுத்துவைத்தால், அந்நாள் பலன் தரும். ஆனால் அதற்குத் தடையாய் நிற்பது வெட்கம். தெரியாது என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்ற அச்சம் அது.

மற்றவரிடம் கற்பது தாழ்வன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவருடைய உதவி ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே அதை நடத்திக் காட்டினார். 1797-இல் அவர் இங்கிலாந்தில் வெளியிட்ட நூலின் வழியே அது பரவி, 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்றது. அடுத்த பள்ளியின் வாசலில் ஒருவர் நின்று பார்த்ததின் பலன் இது.

பிரியமானவர்களே, ஆசிரியராயிருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்திற்கு உங்கள் சிறந்த பாடத்தோடு, சரியாக அமையாத ஒரு பாடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர்கள், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி என்னும் சுவர்களைத் தாண்டி உங்கள் ஆசிரியர்கள் சந்திக்க நேரம் கொடுங்கள். தேர்ச்சி விகிதத்தில் போட்டியிடும் பள்ளிகளானாலும், பிள்ளைகள் ஒரே தெருவில்தான் விளையாடுகிறார்கள். பெற்றோரே, ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற நாளை ஓய்வுநாள் என்று எண்ணாதேயுங்கள். உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அங்கே விரித்து வைக்கப்பட்டிருக்கலாம்.

இவ்வாரம் நம் ஊரின் எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காகவும் ஜெபிப்போம். கேட்பதற்குத் தாழ்மையையும், கற்றதைப் பகிர்வதற்குத் தாராள மனதையும் கர்த்தர் அவர்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.