ஈரம் முதலில்

வாட்டர்கலரில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகவேண்டும். பேஸ்டலில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு. இரண்டையும் ஒரே மாட்டுப் படத்தில் போட்டால் யார் பேச்சைக் கேட்பது?

ஈரம் முதலில். நன்றாகக் காயட்டும். பிறகு தூள். மாற்றிச் செய்தால் சேறு.

ஆயில் பேஸ்டல் வேறு சாதி. தண்ணீரை விரட்டும். வெள்ளைக் கோடு இழுத்து மேலே வாட்டர்கலர் பூசினால் கோடு மட்டும் தப்பித்துக்கொள்ளும். மீசைக்கு நல்லது.

சிங்கப்பூர் ஜாலான் புசார் அஞ்சடியில் ஒரு பூனை. ஒரு பக்கத்து மீசை குட்டை. ஏன்?

பொங்கல் சமயம். கேம்பல் லேனில் மாடுகள். எல்லோரும் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். காதுக்குள் இருக்கிற மயிர் மட்டும் நீளம். அதை யார் வரைகிறார்கள்?

காதில் பிளாஸ்டிக் வில்லை. எண் வேறு. படத்தில் வைப்பதா, விடுவதா.

மூக்கில் பேஸ்டல் படக்கூடாது. ஈரத்தின் பளபளப்பு தூளில் வராது. வாட்டர்கலர் மட்டும். ஒரு பொட்டு தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

நெற்றிச் சுழி பேஸ்டலுக்கு. மயிர் போகிற திசையிலேயே கை போகணும்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இப்போது மீன்தலைக் கறி. குதிரைகள் 1933-ல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டன.

டெகா பந்தயக் குதிரைகளை வரைந்தவர். பேஸ்டலோடு கூவாஷையும் சேர்த்தார். பேஸ்டலை வெந்நீர் ஆவியில் குழைத்துத் தூரிகையால் இழுப்பாராம். அப்போது அது தூளா, ஈரமா?

ஓவியர் சென் வென் சி. கிப்பன் குரங்குக்கு முதலில் வால் வைத்து வரைந்தார். கிப்பனுக்கு வால் கிடையாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொன்னார். அதன்பிறகு 300 வெள்ளிக்கு ஒன்று வாங்கித் தோட்டத்தில் வளர்த்தார். கடைசியில் ஆறு.

50 வெள்ளி நோட்டின் பின்புறம் அவர் கிப்பன்கள். வீணையும் உண்டு. மீன் வாங்கும்போது யார் திருப்பிப் பார்க்கிறார்கள்.

அந்தக் கிப்பன்களுக்கு மையும் தண்ணீரும்தான். தூளே இல்லை. மயிர் தெரிகிறது. எரிச்சலாக இருக்கிறது.

பிரிட்டிஷ் அதிகாரி ஃபர்குவார் மலாக்காவில் வரையச் சொன்ன படங்கள் 477. வாட்டர்கலர். விலங்கு, பறவை, மீன், செடி. வரைந்தவர்கள் சீனர்கள். விலங்குகளின் பெயர் எழுதியிருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை.

தாள். வழவழப்பானது தூளைப் பிடிக்காது. மெல்லியது தண்ணீர் பட்டதும் நெளிந்துகொள்ளும். 300 கிராம், சொரசொரப்பு.

கேம்பல் லேனில் மாட்டுக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசினார் ஒருவர். அது காய்ந்தது. மேலே குங்குமம்.

மாடு தலையை ஆட்டியது. குங்குமம் கொஞ்சம் உதிர்ந்தது. மஞ்சள் அப்படியே.

தூள் உதிராமல் இருக்க ஃபிக்ஸேடிவ் அடித்தால் வெள்ளை மங்கும். கடைசி வெள்ளையை அதற்குப் பிறகுதான் போடணும். அதன்மேல் ஒன்றும் அடிக்கக்கூடாது. ஊதவும் கூடாது.

இந்த ஊர் ஈரக் காற்றில் பேஸ்டல் படத்துக்குப் பூஞ்சணம் வரும். கறுப்பு மாட்டில் உடனே தெரியும். வெள்ளை மாட்டில் புள்ளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃபிரேம் கடைக்காரர் அக்ரிலிக் தகடு போடலாம் என்கிறார். கனம் இல்லை, உடையாது. ஆனால் அதைத் துடைத்தால் மின்னேற்றம் வந்து தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போதும் என்று சொல்லணும். படத்தில் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விடவும் சொல்லணும். காசு கூடக் கேட்பார்.